முதியோர் மூட்டு வலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூட்டு வலி பற்றிக் கேட்டு வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். இங்கே சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், அதையே கடைப்பிடியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பல வருடங்களாக முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி). மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் அழற்சி அடங்கிவிட்டது என்கிறார் மருத்துவர். ஆனால் வலி மட்டும் போகவில்லை. மருந்தைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: கூட்டுவதற்கு முன்னால், இது எந்த வலி என்று பார்க்க வேண்டும். முடக்குவாதம் இருப்பவருக்கு வேறு வலி வரக்கூடாது என்று சட்டம் இல்லையே! இந்த வயதில் ஒரே உடம்பில் மூன்று, நான்கு வகை வலி சேர்ந்தே இருக்கும்.

அழற்சி வலி காலையில்தான் மோசம். எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். விரல் மூட்டுகள் மெத்தென்று வீங்கியிருக்கும். கொஞ்சம் நடமாடினால் தளரும். தேய்மான வலி இதற்கு நேர்மாறு: விறைப்பு அரை மணிக்குள் போய்விடும், நடக்க நடக்க, படியேற ஏற வலி கூடும், மாலையில் அதிகம். எரிச்சல், சுரீரென்ற வலி, மரத்துப்போதல் என்றால் நரம்பு. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பக்கவாட்டில் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அது மூட்டே அல்ல, அதன் மேலுள்ள தசைநார். இதில் முதல் வகைக்கு மட்டும்தான் முடக்குவாத மருந்தைக் கூட்டிப் பயன் உண்டு. மற்றவற்றுக்குக் கூட்டினால் பக்கவிளைவுதான் கூடும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த மூட்டு, எந்த நேரம், காலை விறைப்பு எத்தனை நிமிடம், வலிக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண், அதனால் எந்த வேலை நின்றது. இந்த ஒரு தாள் மருத்துவருக்கு நீங்கள் வாயால் சொல்லும் பத்து நிமிடக் கதையைவிட உதவும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிமானம் தளரலாம். பின்கழுத்து வலி பின்மண்டைக்கு ஏறுவது, தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது, கை தடுமாறிப் பொருட்கள் நழுவுவது இதன் அறிகுறிகள். இப்படி இருந்தால் உடனே காட்டுங்கள். யாரும் கழுத்தை நீவிச் சொடுக்கெடுக்க விடக் கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முடக்குவாதம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, 50 கிலோ எடை. பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஒரு நீர் மாத்திரையும், இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானத்துக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, வலிக்கும்போதெல்லாம் தானாகவே போட்டுக்கொள்கிறார். கேட்டால், "ஒரு மாத்திரைதானே, சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்" என்கிறார். கிரியேட்டினின் 1.2தான். பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும். அப்பா சொல்லும் சமாதானம், நீங்கள் சொல்லும் 1.2 இரண்டுமே நம்பக் கூடியவை அல்ல.

முதலில் அந்த 1.2. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை வற்றிய முதியவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அந்த எண் பார்க்க நல்லபடியாகவே இருக்கும். வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் அப்பாவுக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 36 மில்லிலிட்டர்தான் வருகிறது. இளைஞருக்கு இருப்பதில் பாதிகூட இல்லை.

இனி மாத்திரைகள். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென், எட்டோரிகாக்ஸிப் எல்லாமே அந்தப் பொருளைக் குறைத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. ஆக நுழைவாயில் சுருங்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை ஓடும் ரத்தத்தின் அளவையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவதற்கான அழுத்தம் சரிகிறது. சாதாரண நாட்களில் எப்படியோ சமாளித்துப் போகும் சிறுநீரகம், இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் படுத்துவிடும். சிறுநீர் குறைவது, கணுக்கால் வீங்குவது, சில நாட்களில் எடை இரண்டு கிலோ ஏறுவது, கட்டுக்குள் இருந்த பிரஷர் காரணமில்லாமல் கூடுவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

"சாப்பிட்ட பிறகுதானே" என்பது வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இந்த மருந்துகள் ரத்தத்தின் வழியாகப் போய் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தை மெலிய வைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் புண் வரும். முதியோரிடம் அந்தப் புண் வலிக்காமலே ரத்தம் கசியும். தார் போலக் கறுத்த மலம், காரணம் தெரியாத களைப்பு, எழுந்தால் தலைசுற்றல்தான் முதல் அறிகுறி. கூடவே ஆஸ்பிரினும் இருப்பதால் ஆபத்து கூடுதல். ஐபுப்ரோஃபெனுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது முதலில் பிடித்துக்கொள்வதால், இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரின் வீணாகலாம். ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்னால் போட்டால் இரைப்பைக்குக் காவல் கிடைக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, அப்பாவின் முழங்காலுக்கு என்னதான் வழி? டைக்ளோஃபினாக் ஜெல்லை ஒழுங்காகத் தடவிப் பார்த்தாரா என்று கேளுங்கள். பட்டாணி அளவு எடுத்து, நினைத்தபோது தடவிவிட்டு "ஜெல் வேலைக்கு ஆகாது" என்பவர்களே அதிகம். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு முறைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு முறை. அதாவது 30 கிராம் குழாய் இரண்டு நாள்கூட வராது. குழாயோடு அளவு அட்டை இருந்தால் அதில் பிதுக்கி அளந்து எடுங்கள். முட்டிச் சில்லின் மேல் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் பின்புறமும் தடவ வேண்டும். ஒரு மணி நேரம் நனைக்கக் கூடாது. மேலே ஒத்தடமோ இறுக்கக் கட்டோ கூடாது. மாத்திரையாகச் சாப்பிடும்போது ரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான் ஜெல்லில் சேர்கிறது. இருந்தாலும் உங்கள் அப்பாவின் சிறுநீரக நிலைக்கு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். இரண்டு வாரம் விடாமல் தடவிய பிறகு தீர்ப்புச் சொல்லலாம். கை விரல்களுக்கும் முழங்காலுக்கும் ஜெல் நல்லது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது.

மாத்திரை தவிர்க்கவே முடியாது என்று மருத்துவர் முடிவு செய்தால் மிகக் குறைந்த அளவு, ஒரு வாரம் போலக் குறுகிய காலம், முன்னும் பின்னும் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை. வாந்தி, பேதி வந்த அன்றே வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கேள்வி: பாரசிட்டமால்தான் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் அது காய்ச்சல் மாத்திரைதானே, மூட்டு வலிக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: உள்ளதைச் சொல்ல வேண்டும்: மூட்டுத் தேய்மானத்தில் அதன் பலன் சுமார்தான். ஆனால் வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதால் அந்தச் சுமாரும் கிடைக்காமல் போகிறது. குளிக்க, நடக்க, உடற்பயிற்சி செய்யப் புறப்படுவதற்கு 45 நிமிடம் முன்னால் போட்டுப் பாருங்கள்.

அளவுதான் முக்கியம். உடல்நலமுள்ள பெரியவருக்கு நாளுக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. முதியோருக்கு 3 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 42 கிலோ உள்ள பாட்டிக்கு 650 கூடுதல், 500 போதும். இரண்டு வேளைகளுக்கு இடையே 6 மணி நேரம் விடுங்கள். கல்லீரல் நோய், தினமும் மது, சரியாகச் சாப்பிடாத உடம்பு என்றால் 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.

தவறு நடப்பது கூட்டு மாத்திரைகளில். அசிக்ளோஃபினாக்குடன் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் சேர்ந்தது இரண்டு, 500 சேர்ந்த சளி மாத்திரை மூன்று, தனியாக 650 மூன்று. கூட்டிப் பாருங்கள்: 4,100 மில்லிகிராம். சாப்பிட்டவர் "பாரசிட்டமால் மூன்றுதான் போட்டேன்" என்று சத்தியம் செய்வார். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். தண்ணீரில் கரையும் வகை மாத்திரை ஒவ்வொன்றிலும் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பிரஷர், இதயம் பலவீனமானவர்களுக்கு அது வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் பாரசிட்டமாலைத் தினமும் எடுக்கத் தொடங்கினால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கூடலாம். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வலது முழங்கால் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

பதில்: இடது கையில். தடியும் வலது காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கும். உயரமான தடி தோளைத் தூக்கும், குட்டைத் தடி முதுகைக் கூன வைக்கும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடிமுனை ரப்பரில் வரிகள் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், ஈரத் தரையில் வழுக்கும்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை சாப்பிடுகிறேன். வலி அதிகமான வாரத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. அது வலி மாத்திரை இல்லை. நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். இன்று கூடுதலாகப் போட்டால் இன்றைய வலி ஒரு துளியும் குறையாது. ஆனால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

கிழமையின் பெயரைப் பெட்டியில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் ஒரே வலிமை மாத்திரை மட்டும் இருக்கட்டும், 2.5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் கலந்து கிடக்க வேண்டாம். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல சமயம் அதேபோல மஞ்சளாக, சிறிதாக இருக்கும். அதை வேறு கிழமையில், வேறு டப்பாவில் வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் கன்றிப்போதல், வறட்டு இருமலோடு மூச்சுவாங்குதல் வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது ட்ரைமெத்தோப்ரிம் கலந்த மருந்து எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை அவரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேரவே கூடாது.

கேள்வி: 72 வயது. மூன்று வாரமாக இரண்டு தோளும் இரண்டு தொடையும் காலையில் இறுகிப்போகின்றன. படுக்கையில் புரள முடியவில்லை. வயதானதால்தானா?

பதில்: மூன்று வாரத்தில் யாருக்கும் வயதாகிவிடாது. இது பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற நோயாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல்தான் வரும். ஈஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகளில் அழற்சி கூடியிருக்கும். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 12.5 முதல் 25 மில்லிகிராமுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே நல்ல மாற்றம் தெரியும். பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல்கூடத் தொடர வேண்டியிருக்கும். எலும்பைக் காக்கும் மருந்தையும் முதல் நாளே கேளுங்கள்.

இதோடு புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, ஒரு கண்ணில் சற்று நேரம் திரை விழுந்ததுபோல் மங்கல் இவற்றில் எது வந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். தலை ரத்தக்குழாயில் அழற்சி என்றால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். மருத்துவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்குவார்கள்.

கேள்வி: பெயர் ஒட்டாத ஒரு பொட்டல மருந்து. மூன்றே நாளில் மாமியாரின் வலி பறந்துவிட்டது. இப்போது முகம் உப்பி, சுகர் ஏறுகிறது. நிறுத்திவிடவா?

பதில்: திடீரென்று நிறுத்தாதீர்கள். இவ்வளவு வேகமும் உப்பிய முகமும் சொல்வது, உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதை. சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டிருந்தால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அவருடைய அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம். பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்; தெரிந்த அளவுள்ள மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்.

கேள்வி: ட்ரமடால் என்ற வலி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடுமா?

பதில்: நீண்ட நாள் சாப்பிட்டால் ஆகலாம். முதியோருக்கு அதைவிட உடனடிக் கவலை விழுவது. குறைந்த அளவில், இரவில் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் இரவில் கழிப்பறைக்குப் போகத் துணை இருக்கட்டும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு இளக்குவது பெரும்பாடு. 75 வயதுக்கு மேல் நாளுக்கு 300 மில்லிகிராம் தாண்டக் கூடாது. வலிப்பு வந்தவர்கள், மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டு வாரத்தில் நடமாட்டம் கூடவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை.

கேள்வி: பாட்டிக்கு மறதி நோய். வலிக்கிறதா என்றால் "இல்லை" என்பார். ஆனால் உடை மாற்றப் போனால் கையை ஓங்குகிறார். மனநிலைக் கோளாறா, வலியா?

பதில்: வலியாக இருக்க நிறைய வாய்ப்பு. வார்த்தையை விடுங்கள், உடம்பைக் கவனியுங்கள். மூச்சு, முனகலோ கத்தலோ, முகச் சுளிப்பு, உடலின் இறுக்கம், தொட்டுச் சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு, மொத்தம் 10. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்துப் பயனில்லை. எழுப்பும்போது, கையைத் தூக்கிச் சட்டை போடும்போது பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால்தான் கத்துகிறார் என்றால் அந்தத் தோளையோ இடுப்பையோ பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சோதனை: மருத்துவரைக் கேட்டு, பாரசிட்டமாலை வேளை தவறாமல் ஒன்றிரண்டு வாரம் கொடுத்து அதே மதிப்பெண்ணை மறுபடி போடுங்கள். "வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்" என்பது கேட்கத் தெரியாதவருக்குப் பொருந்தாது. மதிப்பெண் குறைந்தால் அது வலிதான். தூக்க மாத்திரைக்கு வேலையே இல்லை.

கேள்வி: தேய்ந்த மூட்டை நடந்து இன்னும் தேய்க்கலாமா? ஓய்வுதானே நல்லது?

பதில்: ஓய்வெடுத்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் முழு எடையும் மூட்டில் இறங்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, தொடையை இறுக்கி 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து, நாளுக்கு இருமுறை. அடுத்த வாரம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஐந்து முறை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், பின்னால் நகர்ந்து விழுகிறவர்கள் பலர். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கத்தைவிட வலி கூடுதலாக இருந்தால் மறுநாள் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். உடம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவும், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் சுமார் நான்கு கிலோ சுமையைக் குறைக்கும்.

விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், சூடான வீக்கத்துக்கு ஐஸ், எதுவானாலும் துண்டு சுற்றி 15 நிமிடம். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. வேறொருவர் தன் கையில் தொட்டுப் பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

கேள்வி: முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார்கள். எனக்குச் சுகர் இருக்கிறது.

பதில்: போடலாம். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சுகர் ஏறும், சிலருக்கு ஒரு வாரம் வரை. அந்த நாட்களில் தினமும் பார்த்து, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஓரிரு நாள் அதிகம் நடக்காமல் இருங்கள். பலன் சில வாரங்களுக்குத்தான். அந்த இடைவெளியைத் தொடைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டால் ஊசி வீண்போகாது. ஒரே மூட்டில் மூன்று மாதத்துக்குள் மறுபடி போடுவதில்லை.

ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பொதுவாக ஒன்று. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, அசைக்கவே முடியாமல் போனால், பழைய வலிதான் கூடிவிட்டது என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கிருமி புகுந்திருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரித்துப்போகும். அது கிருமியா, யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட்டா என்பது மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்ஸேட்டோ சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம், அதனால் தெர்மாமீட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.